நோய் யாருடையது?

வீடு யாருடையது, நிலம் யாருடையது என்று மக்கள் வழக்காடுவதை நாள்தோறும் காண்கிறோம். நோய் யாருடையது என்று வழக்காடுவாரை எங்கும் கண்டிலோம். எவன் உடம்பில் அது தோன்றிற்றோ அவனுடையது என்பதே உலக வழக்கு. வளர்ந்தவர் அளவில் இவ்வழக்குப் பொருந்துவதாகலாம். ஏழு வயதுக் குழந்தைக்கு ஆயுள் முழுவதும் நீங்காத நோய் ஒன்று வருமாயின் அஃது யாருடையது? உடம்பு குழந்தையினது, ஊசி பிடிக்கும் கை தாயினது, மருந்துக்கும் சோதனைக்கும் பொருள் தேடும் உழைப்புத் தந்தையினது, பாதி இரவில் விழித்துப் பார்க்கும் கண் வீட்டார் அனைவருடையது. இவர்களுள் அந்நோய்க்கு உரியவர் யார்? இவ்வினா வெறும் சொல்விளையாட்டு அன்று. இதற்கு நாம் கூறும் விடையைப் பொறுத்தே அப்பிள்ளை இருபது ஆண்டு கழித்து எத்தகைய மனிதனாக நிற்பான் என்பது அமைகிறது. ஆதலின் இதனைச் சிறிது ஆராயத் துணிந்தோம்.

நாம் இங்குக் கருதுவது சிறுபிள்ளைகளுக்கு வரும் நீரிழிவை. தோட்டத்திலும் பட்டணத்திலும் நம்மவருள் நீரிழிவு என்னும் சொல்லைக் கேளாத வீடு அரிது. ஆயினும் நாம் கேட்டுப் பழகியது நடுவயதிலும் முதுமையிலும் வருவது. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வருவது வேறு. வைத்தியர் அதனை முதல் வகை நீரிழிவு என்பர். இரைப்பைக்குப் பின்புறம் கணையம் என்னும் உறுப்பு ஒன்றுண்டு. அதிலுள்ள சில உயிரணுக்கள் இன்சுலின் என்னும் நீரைச் சுரக்கின்றன. உண்ட உணவிலிருந்து பிறந்து இரத்தத்தில் ஓடும் சர்க்கரையை உடம்பின் தசைகளுக்குள் புகவிடும் திறவுகோல் இந்த இன்சுலினே. உடம்பைக் காப்பதற்கென்று அமைந்த எதிர்ப்பு ஆற்றல் அவ்வணுக்களையே பகையென்று மயங்கி அழித்துவிடுவதுதான் இந்நோய். திறவுகோல் இல்லாதபோது சர்க்கரை இரத்தத்தில் தேங்கிச் சிறுநீரில் வழிகிறது. பிள்ளை ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, ஓயாமல் சிறுநீர் கழிக்கிறது, உண்டும் இளைக்கிறது, படுக்கையை நனைக்கும் வழக்கம் விட்ட பிள்ளை மீண்டும் நனைக்கிறது. இவற்றை அசட்டை செய்தால் இரத்தத்தில் அமிலம் மிகுந்து, வயிற்றுவலி, வாந்தி, பெருமூச்சு, மயக்கம் என்று வளர்ந்து உயிருக்கே முடிவு நேரும்.

1922ஆம் ஆண்டு வரையில் இந்நோய் வந்த பிள்ளைக்கு இருந்த வைத்தியம் பட்டினி ஒன்றே. உணவைக் குறைத்துக் குறைத்துச் சில மாதமோ சில ஆண்டோ உயிரை நீட்டினர். பிள்ளை எலும்புக் கூடாகி இறந்தது. 1921இல் கானடா நாட்டு டொரன்டோ நகரில் பான்டிங் என்னும் வைத்தியரும் பெஸ்டு என்னும் மாணாக்கரும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டனர். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. சாவின் வாயிலில் கிடந்த அவன் மேலும் 13 ஆண்டு வாழ்ந்தான். மறு ஆண்டு, அம்மருந்தின் உரிமையைக் கண்டுபிடித்தோர் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொரன்டோ பல்கலைக்கழகத்திற்கு அளித்துவிட்டனர். கோடிக்கணக்கில் பொருள் குவித்திருக்கக் கூடிய இடத்தில் அவர்கள் குவித்தது புகழை.

ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. இன்சுலின் நோயைப் போக்கவில்லை, சாவை ஒத்திவைத்தது. சில மாதங்களில் முடிந்த துன்பம் ஐம்பது ஆண்டு, அறுபது ஆண்டு என்று நீண்டதோர் வாழ்க்கையாயிற்று. இறந்துபோன பிள்ளைக்கு விவாகமில்லை, தொழிலில்லை, முதுமையில்லை. உயிர் பிழைத்த பிள்ளைக்கு இவையாவும் உண்டு. இவை ஒவ்வொன்றிலும் நோயும் கூடவே உண்டு. நாம் எடுத்துக்கொண்ட வினா அன்றுதான் பிறந்தது.

அந்நீண்ட வாழ்க்கையில் நேர்வன யாவை? பல ஆண்டு மிகுதியாகத் தேங்கிய சர்க்கரை சிறு இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. விழித்திரை பழுதுபட்டுப் பார்வை மங்கலாம், சிறுநீரகம் தளரலாம், கால் நரம்புகள் உணர்விழக்கலாம், இருதய நோய் மற்றவர்க்கு வருவதினும் முந்தி வரலாம். இவை விதியல்ல. அமெரிக்காவிலும் கானடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 நோயாளரைக் கொண்டு ஒரு பெரும் ஆராய்ச்சி நடந்தது. சர்க்கரையை இடைவிடாது கவனித்து நெருக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுள், அதுவரை கண் கெடாதிருந்தவர்க்கு விழித்திரை பழுதுபடும் அபாயம் நான்கில் மூன்று பங்கு குறைந்தது. ஆராய்ச்சி முடிந்தபின் இரு பிரிவினரின் சர்க்கரை நிலையும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட போதிலும், முன்னர்ச் செய்த கவனத்தின் பயன் பல ஆண்டு நீடித்து நின்றது. தொடக்க ஆண்டுகளில் பட்ட பாட்டை உடம்பு மறப்பதில்லை போலும்! எனினும் அதே ஆராய்ச்சி வேறொன்றையும் காட்டிற்று. நெருக்கிக் கட்டியவரிடையே சர்க்கரை அளவுக்கு மேல் தாழ்ந்து, பிறர் உதவியின்றி மீள இயலாத நிலை மும்மடங்கு மிகுதியாக நேர்ந்தது. இக்காலத்துப் புதிய மருந்துகளாலும் கருவிகளாலும் அவ்வபாயம் குறைந்துள்ளது, நீங்கிவிடவில்லை. காவல் தளர்ந்தால் ஒரு கேடு, காவல் இறுகினால் மற்றொரு கேடு. இவ்வுண்மை உடம்பைப் பற்றியது மட்டுமன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

நிற்க. இந்நோய் புகுந்த வீட்டில் அன்பின் பெயராலேயே மூன்று பிழைகள் நிகழக் காண்கிறோம். முதலாவது பழி.

பிள்ளைக்கு நோயென்று வைத்தியர் சொன்ன அன்றே 'யாரால் வந்தது?' என்னும் கேள்வி வாயிற்படியில் வந்து நிற்கிறது. வயிற்றில் சுமந்தபோது தாய் இனிப்பைத் தின்றாள் என்பார் ஒருவர். அவள் பிறந்த வீட்டின் இரத்தம் என்பார் மற்றொருவர். பெற்றோர் செய்த பாவம் பிள்ளையின் தலையில் விடிந்தது என்று பெருமூச்சு விடுவார் இன்னொருவர். இவ்வம்புகள் யாவும் பெரும்பாலும் தைக்குமிடம் தாயின் நெஞ்சே. இனிப்பு உண்டதால் இவ்வகை நீரிழிவு வருவதில்லை. தாய் உண்டதாலும் இல்லை, பிள்ளை உண்டதாலும் இல்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆயினும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருள் ஒருவர்க்கு இந்நோய் வந்தால் மற்றவர்க்கு வந்தே தீரும் என்பதுகூட இல்லை. இந்நோயுள்ள பிள்ளைகளுள் பெரும்பாலோர் குடும்பத்தில் இதற்கு முன் யாருக்கும் இது வந்ததில்லை. இனி, முன்வினை என்போரை ஒன்று கேட்கிறோம். 1920இல் இந்நோய் வந்த பிள்ளைகள் இறந்தனர். 1923இல் வந்த பிள்ளைகள் பிழைத்தனர். மூன்றாண்டில் வினையின் கணக்குப் புத்தகம் திருத்தப்பட்டதா? திருத்தியது மனித அறிவும் உழைப்பும் அல்லவா? துன்பத்திற்குக் காரணம் தெரியாதபோது ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வது மனித இயல்பு. அக்கற்பனை ஒரு பெண்ணின் வாழ்நாளைச் சுட்டெரிக்கும்போது அஃது இயல்பென்று விட்டுவிடத் தக்கதன்று, அநீதி.

உடல் பருத்தும் உழைப்புக் குறைந்தும் வரும் இரண்டாம் வகை நீரிழிவு இக்காலத்தில் பிள்ளைகளிடமும் தோன்றுகிறது. அங்கு உணவையும் பழக்கத்தையும் மாற்ற வேண்டுவது மெய்யே. அங்கும் பழி மருந்தாவதில்லை. வீட்டார் அனைவரும் ஒரே பானையில் உண்டு, ஒரே வழக்கத்தில் வாழ்ந்து, பிள்ளையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

பழியிலிருந்து பிறப்பது இரண்டாவது பிழையாகிய மறைப்பு. குற்றமென்று எண்ணியதை யார் வெளியிடுவர்? பிள்ளையின் நோயைப் பாடசாலைக்குச் சொல்வதில்லை, உறவினர்க்குச் சொல்வதில்லை, பெண் குழந்தையாயின் பக்கத்து வீட்டுக்கும் தெரியலாகாது, நாளைக்குச் சம்பந்தம் தேட வேண்டுமே! இதன் விளைவைப் பாருங்கள். வகுப்பில் பிள்ளைக்குச் சர்க்கரை தாழ்கிறது. உடல் நடுங்குகிறது, வியர்க்கிறது, கேட்ட கேள்விக்கு விடை பிதற்றலாகிறது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் கால்மணி நேரத்தில் தெளியக் கூடிய நிலை அது. ஆசிரியருக்கோ ஒன்றும் தெரியாது. சோம்பல் என்று கருதுகிறார். பிடிவாதம் என்று கருதுகிறார். நிலை முற்றி வலிப்புக் கண்டால் அஞ்சி ஓடுகிறார். பேய் பிடித்தது என்று திருநீறு தேடுவாரும் உண்டு. மறைத்தவர் எண்ணியது பிள்ளையின் மானத்தைக் காக்க. பணயம் வைத்ததோ பிள்ளையின் உயிரை.

மறைப்பு எத்துணை ஆழம் பாயும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க நாட்டு அமைச்சராயிருந்து பின்னர் அந்நாட்டுத் தலைமை நீதிபதியான சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ் என்பாரின் மகள் எலிசபெத், 11 வயதில் இந்நோய்க்கு ஆளானார். பட்டினி வைத்தியத்தால் 1922இல் ஏறத்தாழ 20 கிலோ எடைக்கு இளைத்துவிட்ட அவர், அவ்வாண்டு டொரன்டோ சென்று பான்டிங்கிடம் இன்சுலின் பெற்றுப் பிழைத்தார். கல்வி கற்றார், மணந்தார், மூன்று மக்களைப் பெற்றார், பொதுப்பணி ஆற்றினார், 58 ஆண்டுக்கு மேல் இன்சுலினால் உயிர் வாழ்ந்து 1981இல் மறைந்தார். இத்தகைய வெற்றி வாழ்வு வாழ்ந்தவர், மிக நெருங்கிய சிலரைத் தவிர எவர்க்கும் தம் நோயைத் தெரிவித்திலர்; தந்தையாரின் ஏடுகளிலிருந்தும் அதன் சுவட்டை அகற்ற முயன்றார். அவரைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. நோயாளி என்னும் பெயர் ஒட்டிக்கொண்டால் மனிதர் என்னும் பெயர் மறைந்துவிடும் என்று அவர் அஞ்சினார் போலும். செல்வமும் கல்வியும் செல்வாக்கும் உடைய ஒருவரே அஞ்சினாரெனின், தோட்டத்து லயத்தில் பிறந்த நமது பெண் அஞ்சுவதில் வியப்பென்ன? வெட்கப்பட வேண்டியவள் அவளல்லள். அவளை அஞ்சவைக்கும் ஊரார். கருவுறும் முன்பே சர்க்கரையைச் செவ்வனே கட்டுப்படுத்தி வைத்தியரின் கண்காணிப்பில் இருக்கும் பெண் நல்ல மகவைப் பெறலாம் என்பதை இக்கால வைத்தியம் ஐயமறக் காட்டியுள்ளது. இதை அறிந்தும் சம்பந்தத்தை முறிப்பவர் நோய்க்கு அஞ்சவில்லை; பிறர் பேச்சுக்கு அஞ்சுகின்றனர்.

மறைப்பு வேறொரு வாயிலையும் திறந்து வைக்கிறது. இரகசியமாக வைத்தியம் தேடும் வீட்டுக்கு இரகசிய வைத்தியர் வந்து சேர்கிறார். 'ஊசியை நிறுத்துங்கள், நாற்பது நாளில் வேரோடு அறுக்கிறேன்' என்கிறார். பாகற்காயும் நாவற்கொட்டையும் ஆவாரம்பூவும் உணவாகவோ துணையாகவோ இருந்துவிட்டுப் போகட்டும். முதல் வகை நோயுள்ள பிள்ளைக்கு அவை இன்சுலினுக்கு மாற்றாகா. ஊசியை நிறுத்தினால் நாற்பது நாள் வேண்டா. சில நாளே போதும், பிள்ளையை இழப்பதற்கு.

மூன்றாவது பிழையே நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது. அது மிகைக் காவல். முன்னைய இரண்டும் அறியாமையால் வருவன. இஃது அறிந்தோரிடமும் வருவது. பிள்ளை உண்ணும் ஒவ்வொரு கவளத்தையும் தாய் எண்ணுகிறாள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து விரலில் குத்திப் பார்க்கிறாள். அவள் அயர்ந்து உறங்கிய இரவு எதுவென்று அவளுக்கே நினைவில்லை. வேலைக்குச் சென்றுகொண்டிருந்தவள் வேலையை விடுகிறாள், வருவாய் குறைகிறது, சோதனைத் தாள் வாங்கும் செலவோ பல வீடுகளில் குடும்பத்தின் தலைமேலேயே விழுகிறது. பக்கத்தில் மற்றொரு பிள்ளை நிற்கிறது. அண்ணனைப் பற்றியே வீடு பேசுகிறது. தீபாவளிக்கு அதிரசம் சுடுவதில்லை. ஏனென்று கேட்டால் 'அண்ணனைப் பார்' என்கிறார்கள். தனக்கும் ஏதாவது நோய் வந்தால்தான் தாய் திரும்பிப் பார்ப்பாளோ என்று அது எண்ணுமாயின், அவ்வெண்ணத்திற்கு யார் பொறுப்பு?

நோயுற்ற பிள்ளைக்கோ எண்ணே நீதிபதியாகிவிடுகிறது. கருவியில் தோன்றும் எண் சிறிதாயின் 'நல்ல பிள்ளை'. பெரிதாயின் 'என்ன தின்றாய்?' என்னும் விசாரணை. காளைப் பருவத்தில் உடம்பு வளரும் வேகத்தில் சுரக்கும் சில நீர்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. அதனால் ஒன்றும் தின்னாமலே சர்க்கரை ஏறுவதுண்டு. காய்ச்சலால் ஏறுவதுண்டு, பரீட்சை அச்சத்தால் ஏறுவதுண்டு. இதை அறியாது தண்டித்தால் பிள்ளை என்ன செய்யும்? கருவியைப் பார்க்காமலே குறிப்பேட்டில் ஒரு நல்ல எண்ணை எழுதி வைக்கும். பொய்யை அதற்குக் கற்பித்தவர் யார்? எண் ஒரு செய்தி. ஒழுக்கத்திற்கு இட்ட மதிப்பெண் அன்று. கடிதத்தில் துக்கச் செய்தி வந்தால் தபால்காரனை அடிப்பாருண்டோ?

இதனால் பெற்றோர் காவலை விட்டுவிட வேண்டும் என்று கூறுகிறோம் என எவரும் கொள்ளற்க. 'நீ வளர்ந்துவிட்டாய், உன் ஊசியை நீயே பார்த்துக்கொள்' என்று 12 வயதுப் பிள்ளையிடம் முழுச்சுமையையும் இறக்கிவைத்த வீடுகளில் நோய் கட்டுக்கடங்காமல் போவதை வைத்தியர் பலகாலும் கண்டுள்ளனர். இறுக்கிப் பிடித்துச் சண்டையிடும் வீட்டிலும் அதுவே நேர்கிறது. பிள்ளை சிறிது சிறிதாக ஏற்க, பெற்றோர் சிறிது சிறிதாக விட, இருவரும் கூடிப் பேசி நடத்தும் வீட்டிலேதான் அது செவ்வையாக நடக்கிறது. சைக்கிள் பழக்கும் தந்தை முதலில் இருக்கையைப் பற்றிக்கொண்டு ஓடுகிறார். பின்னர்ப் பற்றாமல் கூடவே ஓடுகிறார். பின்னர் நின்று பார்க்கிறார். பற்றிய கையை என்றும் விடாதவர் பிள்ளைக்குச் சைக்கிளைக் கற்பிக்கவில்லை. முதல் நாளே விட்டவரும் கற்பிக்கவில்லை.

இனி நமது வினாவிற்கு வருவோம். நோய் யாருடையது? திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயுற்றவரையும் தீர்ப்பவரையும் மருந்தையும் உடனிருந்து உதவுவாரையும் எண்ணுகிறார். அவ்வெண்ணில் முதலில் வைக்கப்பட்டவர் வைத்தியரல்லர், நோயுற்றவர். நோயுற்றவரை மருத்துவம் செய்யப்படும் பொருளாக மட்டும் அவர் கருதவில்லை. மருத்துவத்தின் ஓர் அங்கமாகவே கருதினார். பிள்ளை நீரிழிவில் இவ்வுண்மை முழுதும் விளங்குகிறது. வைத்தியரை மூன்று மாதத்திற்கு ஒருமுறை காண்கிறோம். எஞ்சிய நாளெல்லாம் அளவு பார்ப்பதும், மருந்தைக் கணிப்பதும், ஏற்றுவதும், உடனிருந்து காப்பதும் வீட்டில் நடக்கின்றன. முதலில் இவை யாவும் தாயின் கையில் உள்ளன. இறுதியில் யாவும் பிள்ளையின் கையில் சென்று சேர வேண்டும். ஏனெனில் தாய் ஒருநாள் இல்லாமற் போவாள், நோய் இருக்கும். தாயின் அன்புக்குப் பயன் யாதெனில், தான் இல்லாத நாளிலும் தன் பிள்ளை வாழும்படி செய்து வைப்பதே.

ஆகவே நமது துணிபு இது. நோய் பிள்ளையினது, அதன் சுமை நம் எல்லாருடையது, அதன் பழி ஒருவருடையதும் அன்று. நோய் பிள்ளையினது என்பதால் அதனிடம் உண்மை கூற வேண்டும், அதன் கருத்தைக் கேட்க வேண்டும், நாளடைவில் அதன் கையில் ஒப்படைக்க வேண்டும். சுமை நம்முடையது என்பதால் தந்தை ஊசி போடக் கற்க வேண்டும்; வாரத்தில் இரண்டு இரவேனும் அவர் விழித்திருக்கத் தாய் உறங்க வேண்டும்; பாட்டியும் மாமனும் மிட்டாயை மறைத்துக் கொடுப்பதை விட்டு, சர்க்கரை தாழ்ந்தால் செய்வது யாதென்று கற்க வேண்டும். நினைவிழந்த பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றலாகாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதைத் தோட்டத்தில் ஒவ்வொருவரும் அறிதல் நன்று. தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பிள்ளை வகுப்பிலேயே விரலைக் குத்திப் பார்க்கவும், வேண்டும்போது தண்ணீர் குடிக்கவும், வெளியே செல்லவும் இடங்கொடுக்க வேண்டும். பந்தாட்டத்திலிருந்து விலக்கி நிழலில் உட்கார வைப்பது இரக்கமாகாது.

'ஐயோ பாவம்' என்னும் சொல்லை நம் நாவிலிருந்து எடுத்துவிடுவோமாக. அச்சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை தன்னைப் பாவமென்றே நம்பிவிடுகிறது. அமெரிக்காவில் ஜாஸ்லின் வைத்திய நிலையத்தார், இன்சுலினோடு ஐம்பது ஆண்டு வாழ்ந்தோர்க்கு 1970 முதல் பதக்கம் அளிக்கத் தொடங்கினர். அவ்வாறு பதக்கம் பெற்றோருள் கண்ணும் சிறுநீரகமும் பெரிதும் கெடாமல் முதுமை எய்தினோர் பலர். ஐம்பது ஆண்டென்றால் பதினெண்ணாயிரம் நாளுக்கு மேல். போர்க்களத்தில் ஒருநாள் நின்றவனுக்குப் பதக்கம் சூட்டுகிறோம். பதினெண்ணாயிரம் நாள் தன் உடம்போடு நின்று போராடுபவனுக்கு நாம் கொடுத்தது பரிதாபம் ஒன்றுதானா?

அன்பர்களே! நம் லயத்திலோ தெருவிலோ இத்தகைய பிள்ளை ஒன்று இருக்கக் கூடும். அது மறைத்து வைக்கப்பட்டிருந்தால், மறைக்க வைத்தவருள் நாமும் ஒருவர் என்று உணர்வோம். அவ்வீட்டுக்குச் சென்று 'யாரால் வந்தது?' என்று கேளாமல், 'இன்றிரவு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் உறங்குங்கள்' என்று சொல்வோம். அத்தாய் பல ஆண்டாகக் காத்திருப்பது அவ்வொரு சொல்லுக்கே.